பெயர் என்னும் அமானத்து

ஆதி பிதா ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் பெயர்கள் அனைத்தையும் கற்பித்தான் என்று திருமறையின் இரண்டாம் அத்தியாயம் கூறுகிறது. அப்பெயர்கள் எவை என்பதில் விரிவுரையாளர்கள் ஒரே கருத்தினர் அல்லர். பறப்பன, ஊர்வன முதல் வீட்டுப் பாத்திரம் ஈறாக எல்லாப் பொருள்களின் பெயர்களுமே என்றார் சிலர். மலக்குகளின் பெயர்கள் என்றும், பின்னே பிறக்கவிருந்த சந்ததியாரின் பெயர்கள் என்றும் குறுக்கினார் சிலர். இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) அவர்களோ, ஈண்டுப் ‘பெயர்’ என்பது வெறும் ஒலியன்று, பொருளின் தன்மைகளும் இயல்புகளுமே என்னும் கருத்தை விரித்துரைக்கிறார்கள். மத்ரஸாவில் இப்பகுதியை ஓதிக் கொடுக்கும்போதெல்லாம் நாம் ராஸீ அவர்களின் பக்கம் சற்றே சாய்வதுண்டு. ஒரு பொருளின் இயல்பை அறியாமல் அதன் பெயரை மட்டும் அறிந்திருப்பதைக் கல்வி என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை.

இக்காலத்தில் பெயரிடும் அப்பணி பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில் நடைபெறுகிறது. கடலடியில் பவளத்தின்மேல் வாழும் பாக்டீரியாக்களைப் பிரித்தறிந்து பெயர் காண்பது அவற்றுள் ஒரு துறை. மலை சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கும் கடலடிக் கிருமிக்கும் என்ன உறவு என்று வாசக அன்பர்கள் வினவலாம். வருசநாட்டு மலைப் பக்கம் பிறக்கும் வைகை, 1895 முதல் பெரியாறு அணை நம் பக்கம் திருப்பிவிட்ட நீரையும் ஏற்றுக்கொண்டு, மதுரையைக் கடந்து, இராமநாதபுரம் சீமையின் கண்மாய்களை நிறைத்து, மிஞ்சிய காலத்தில் பாக்கு நீரிணைக் கரையில் கடலைத் தொடுகிறது. அங்கிருந்து மண்டபத்துக்குத் தென்புறம் திரும்பினால் மன்னார் வளைகுடா. இராமேசுவரம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பார்களும் அங்கே உள்ளன. 1986இல் தேசியப் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. உறவு வேண்டுமென்றால் இவ்வளவு போதும். ஆயினும் நாம் எழுத முற்பட்டது உறவுக்காக அன்று. அக்கிருமிகளின் கதையில் ஒரு பழைய அறநெறிக் கேள்வி ஒளிந்திருக்கிறது. அதே கேள்வி நம் மேகமலையிலும் ஒருமுறை எழுந்தது.

‘பவளம்’ என்னும் சொல்லிலேயே குழப்பம் தொடங்குகிறது. நகையில் பதிக்கும் சிவந்த பவளம் வேறு. மன்னார் வளைகுடாவில் பாராக வளர்ந்து நிற்கும் முருகைக்கல் வேறு. அர்ரஹ்மான் அத்தியாயத்தில் முத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘மர்ஜான்’ என்னும் சொல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று யாவரும் அதைப் பவளம் என்று எளிதாகப் பெயர்த்துவிடுகிறோம். முற்காலத்து விரிவுரையாளர் பலர் அதற்குச் சிறிய முத்துகள் என்றே பொருள் கொண்டனர்; செந்நிற மணி என்றவர்களும் உண்டு. கண்ணால் காணக்கூடிய பொருளிலேயே இத்தனை கருத்து வேற்றுமை என்றால், காண முடியாததன் நிலை என்னவாகும்?

முருகைக்கல்லைக் கல் என்றே நெடுங்காலம் எண்ணினோம். வெட்டியெடுத்துச் சுவர் எழுப்பினோம், சுண்ணாம்பாகச் சுட்டோம். உண்மையில் அஃது ஒரு விலங்கு. சின்னஞ்சிறு உடல்கள் பல்லாயிரம் கூடிக் கட்டிய வீடே அந்தக் கல். அவ்வுடலின் உயிரணுக்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெயிலை வாங்கி உணவாக்கித் தன் புரவலனுக்கும் ஊட்டுகிறது. மேலே ஒரு வழவழப்பான சளிப்படலம். அந்தச் சளியிலும் சதையிலும் எலும்பிலும் பாக்டீரியாக்கள் கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன. ஒன்று என்று நாம் கண்டது ஓர் ஊராகவே இருக்கிறது. கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறி அச்சூடு சில வாரங்கள் நீடித்தால் பாசி வெளியேற, பவளம் வெளுத்துப் போகிறது. மன்னார் வளைகுடா 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு வெளுத்தது.

அந்த ஊரின் குடிகளுள் ஒருவரைப் புதியவர் என்று எப்படி நிலைநாட்டுவது? முறை எளிதாகச் சொல்லக்கூடியது, செய்வதுதான் அரிது. பவளத்தின் சளியை எடுத்துக் கடல்நீர் கலந்த கூழ்த்தட்டில் தடவி, முளைக்கும் புள்ளிகளுள் ஒன்றைத் தனியே எடுத்து, அதையும் மீண்டும் மீண்டும் தடவிக் கலப்பில்லாத ஒரே வம்சமாக்க வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் ஒரு சிறு குச்சி தெரியும், அவ்வளவே. ஆயிரம் இனங்கள் அதே குச்சி வடிவத்தில் உள்ளன. எனவே உருவத்தை விட்டு வம்சத்தைப் பார்க்கிறார்கள். எல்லா உயிர்களிடத்தும் புரதம் ஆக்கும் கருவி ஒன்று உண்டு. அதில் ஒரு பகுதியின் மரபெழுத்தை, முன்பே பெயர் பெற்ற இனங்களின் எழுத்தோடு ஒப்பிடுகிறார்கள். நூற்றுக்கு 98.7க்குக் குறைவாக ஒத்தால் புதிய இனம் என்று ஐயுற இடமுண்டு. பின்பு முழு மரபுத் தொகுதியையே ஒப்பிட வேண்டும். அங்கே 95 அல்லது 96 என்பது எல்லை. எவ்வளவு உப்பில் வளரும், எவ்வளவு சூட்டைத் தாங்கும், எந்தச் சர்க்கரையை உண்ணும் என்பவற்றையும் சோதிக்க வேண்டும். இறுதியில், உயிருள்ள மாதிரியை இரு வேறு நாடுகளிலுள்ள இரு சேமிப்பகங்களில் ஒப்படைத்தாக வேண்டும். ஐயமுற்ற எவரும் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பதற்காக இந்த ஏற்பாடு.

இவற்றைப் படித்தபோது நமக்கு நினைவில் வந்தது ஹதீஸ் கலையின் ‘இல்முர் ரிஜால்’ என்னும் அறிவிப்பாளர் இயல். அறிவிப்பாளர் வரிசையில் ‘ஸுஃப்யான்’ என்று மட்டும் வந்தால், அவர் ஸுஃப்யான் ஸவ்ரீ அவர்களா, ஸுஃப்யான் இப்னு உயைனா அவர்களா? இருவரும் ஒரே காலத்தவர், இருவரும் பேரறிஞர்கள். முகம் பார்த்து அறிய வழியில்லை. யாரிடமிருந்து கேட்டார், அவரிடமிருந்து யார் கேட்டார் என்னும் தொடரைக் கொண்டே பிரித்தறிந்தனர். கலீல் இப்னு அஹ்மத் என்னும் ஒரே பெயரில் அறுவர் இருந்ததை இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் எண்ணிக் காட்டுகிறார்கள். ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீபுல் பக்தாதீ (ரஹ்) அவர்கள் இத்துறையில் தனி நூல்களே யாத்தார்கள். அவற்றுள் ஒன்றின் பெயர் ‘மூளிஹு அவ்ஹாமில் ஜம்இ வத்தஃப்ரீக்’. சேர்ப்பதிலும் பிரிப்பதிலும் நேர்ந்த மயக்கங்களைத் தெளிவுபடுத்துவது என்பது அதன் பொருள். இருவரை ஒருவராக எண்ணிவிடுவது ஒரு மயக்கம். ஒருவரை இருவராக எண்ணிவிடுவது மற்றொரு மயக்கம். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் வரலாற்றுப் பதிவுகளையும் அந்நூல் ஆராயாமல் விடவில்லை. பெரியோரிடம் கொண்ட மரியாதை வேறு, பெயரைச் சரிபார்க்கும் கடமை வேறு என்பதை அக்காலத்தார் நன்கு உணர்ந்திருந்தனர். விலங்குகளின் பெயர்களிலும் இதே கவலை இருந்தது. பாடம் நடக்கும்போது சில விலங்குப் பெயர்களில் மாணவரிடையே எழுந்த குழப்பமே ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் பெருநூலை எழுதத் தம்மைத் தூண்டியது என்று தமீரீ (ரஹ்) அவர்கள் முன்னுரையில் குறிக்கிறார்கள். ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இது புரியும்.

ஒருவரை இருவராக்கும் மயக்கம் பவளக் கிருமியின் வரலாற்றில் அப்படியே நடந்தது. மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையில் ஒகுலினா பட்டகோனிகா என்னும் பவளம் கோடைதோறும் வெளுத்தது. அதற்குக் காரணம் ஒரு பாக்டீரியாவே என்று குஷ்மாரோ முதலிய ஆய்வாளர்கள் 1996இல் அறிவித்தனர். 2001இல் அதற்கு ‘விப்ரியோ ஷிலோய்’ என்று புதிய பெயரும் சூட்டினர். அதே 2001இல் தாம்சன் என்பாரும் அவருடைய துணைவர்களும் அதை எடுத்து ஒப்பிட்டனர். புஹால்தே, கராய் என்னும் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் இருவர் 1986இலேயே ‘விப்ரியோ மெடிட்டரேனியை’ என்று பெயரிட்ட இனந்தான் அது என்று தெரியவந்தது. முந்திய பெயரே நிற்கும் என்பது அத்துறையின் விதி. புதியவர் என்று வரவேற்கப்பட்டவர் பழைய குடியாகவே இருந்தார்.

இத்துடன் கதை முடியவில்லை. நம்மைச் சிந்திக்க வைத்த பகுதி இனிமேல்தான் வருகிறது. அந்தப் பாக்டீரியாவின்மீது சுமத்தப்பட்டது பெயர் மட்டும் அன்று. ஒரு குற்றமும் கூட. பவளத்தைக் கொன்றவன் இவனே என்பது வழக்கு. சான்றும் வலுவாகவே இருந்தது. நோயுற்ற பவளத்திலிருந்து எடுத்து, நலமான பவளத்தில் இட்டு, அது வெளுப்பதைக் கண்டு, மீண்டும் அதிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள். சில ஆண்டுகள் சென்றன. அதே பவளங்களில் அக்கிருமியைத் தேடியவர்களுக்கு அது கிட்டவில்லை. வேறிடத்திலிருந்து கொணர்ந்து இட்டாலும் பவளம் வெளுக்கவில்லை. பவளம் தன்னோடு வாழும் பாக்டீரியாக் கூட்டத்தை மாற்றிக்கொண்டு எதிர்ப்பாற்றல் பெற்றிருக்கலாம் என்று அதே குழுவினர் 2006இல் ஒரு கருத்தை முன்வைத்தனர். 2008இல் வேறொரு குழுவினர், அப்பவளம் வெளுப்பதற்கு முதற்காரணம் பாக்டீரியாவே அன்று என்று எழுதினர். வழக்கு இன்றும் முற்றாகத் தீரவில்லை.

அறிவிப்பாளர் ஒருவரைக் குறைகூறுவதை நம் முன்னோர் ‘ஜர்ஹு’ என்றனர். காரணம் விளக்கப்படாத ஜர்ஹை ஏற்பதில் அவர்கள் மிகத் தயங்கினர். ஒருவருடைய பெயரைக் கெடுப்பது எளிது. கெட்ட பெயரைத் திரும்ப எடுப்பது அரிது. கிருமிக்கு மானம் உண்டா என்று சிரிப்போர் சிரிக்கட்டும். கிருமியின் மானம் பற்றி நாம் கவலைப்படவில்லை. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று மற்றைய காரணங்களை விசாரிக்காமல் விட்டுவிடும் மனிதனைப் பற்றியே கவலைப்படுகிறோம். கடல் ஏன் சூடேறுகிறது என்னும் கேள்வி நம் அடுப்பு வரை, நம் வாகனம் வரை வந்து நிற்கும். கிருமி செய்தது என்றால் அந்தக் கேள்வி நம் வாசலுக்கு வராது.

இனி மறு மயக்கம். இருவரை ஒருவராக்கிய அக்கதை நம் பள்ளத்தாக்கிலேயே நிகழ்ந்தது. சின்னமனூரிலிருந்து ஏறிச் செல்லும் மேகமலையை, ஆங்கிலேயர் வைத்த பெயரால் ‘ஹைவேவிஸ்’ என்று இன்றும் நம்மவர் அழைக்கின்றனர். அங்கே தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய இயற்கை ஆர்வலர் ஆங்கஸ் ஹட்டன் 1948இல் ஒரு வௌவாலைப் பிடித்துப் பதப்படுத்தினார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதற்கு, ஊர்தோறும் காணப்படும் சாதாரணக் குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலின் பெயர்ச்சீட்டே கட்டப்பட்டது. இருபத்து நான்கு ஆண்டுகள் அந்தச் சீட்டோடு அது கிடந்தது. தாய்லாந்து நாட்டு விலங்கியலார் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தார். அந்தச் சாதாரண வௌவாலுக்குச் சிறு வால் உண்டு. இதற்கு வாலே இல்லை. பற்களும் வேறு. 1972இல் அவர் அதை இனம் மட்டுமன்றிப் பேரினமே புதிது என்று அறிவித்தார். ‘அகன்ற பல்’ என்னும் பொருளில் லாட்டிடென்ஸ் என்றும், பறவையியல் அறிஞர் ஸலீம் அலீ அவர்களைச் சிறப்பிக்கும் வகையில் ஸலீமலியை என்றும் பெயர் அமைந்தது. கண்டவர் ஒருவர், அறிந்தவர் வேறொருவர், பெயர் பெற்றவர் மூன்றாமவர். பெயரிட்ட தொங்லோங்யா 1974இல் மறைந்தார். அவர் கண்டெடுத்த வேறொரு சின்னஞ்சிறு வௌவாலுக்கு ஹில் என்னும் அறிஞர் அவர் பெயரையே சூட்டினார். தம் பெயரைத் தாமே சூட்டிக்கொள்வதை அறிவுலகம் அழகாகக் கருதுவதில்லை. கல்வெட்டிலும் கட்டடத்திலும் பெயர் தேடும் நம் காலத்துப் புரவலர்கள் இந்த வழக்கத்தைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

பெயர்ச்சீட்டு மாறியதால் என்ன விளைந்தது? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை ஐந்தாம் அட்டவணையில், காகத்தோடும் எலியோடும், தீங்கு செய்யும் உயிர்களாக நிறுத்தியது. கொன்றாலும் கேள்வியில்லை. பின்னர் ஸலீம் அலீ வௌவால் மட்டும், புலியும் யானையும் இடம்பெற்ற முதல் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது. அந்த ஐந்தாம் அட்டவணையே 2022ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீக்கப்பட்டது. பழைய பெயர்ச்சீட்டே தொடர்ந்திருந்தால், திராட்சைத் தோட்டத்து வலையில் சிக்கும் சாதாரண வௌவாலோடு ஒன்றாகவே இதுவும் எண்ணப்பட்டிருக்கும். 1993இல் மேகமலையில் அதை உயிரோடு மீண்டும் கண்டார்கள். தேட வேண்டும் என்ற எண்ணமே பெயரால் வந்தது. பெயரில்லாததை எவர் தேடுவார்?

இவ்விடத்தில் மெய்யியல் பயின்ற ஒருவர் தடை எழுப்பக்கூடும். “அறிவிப்பாளர்கள் உண்மையான மனிதர்கள், அவர்கள் இருவரா ஒருவரா என்பதற்கு ஒரே விடைதான் உண்டு. பாக்டீரியா இனமோ மனிதன் போட்ட கோடு. 95 என்னும் எண் அதன் உடலில் எழுதப்பட்டிருக்கிறதா?” என்பார். நியாயமான தடைதான். மொழியும் பெயரும் இறைவன் வகுத்தவையா, மனிதர் உடன்பட்டு அமைத்துக்கொண்டவையா என்று அஷ்அரீ அறிஞர்களும் முஃதஸிலாக்களும் நடத்திய வாதமும் இதன் மூத்த சகோதரனே. பாக்டீரியாக்கள் மரபணுக்களைத் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் இயல்பின. அவற்றிடை எல்லை வரைவது எளிதன்று. 1980ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், அதுவரை வழங்கிய பல்லாயிரம் பெயர்களை ஒதுக்கிவிட்டு, இரண்டாயிரத்துச் சொச்சம் பெயர்களை மட்டும் ஏற்றுக் கணக்கைப் புதிதாகத் தொடங்கினார்கள் என்பதே இதற்குச் சான்று.

ஆனால் வயலின் வரப்பும் மனிதன் போட்ட கோடுதானே? உத்தமபாளையத்து நஞ்சையில் இறைவன் வரப்பு படைக்கவில்லை. நால்வர் கூடி அளந்து கல் நட்டார்கள். அதற்காக, இரவோடிரவாகக் கல்லை ஒரு சாண் தள்ளி நடுபவனை யாரேனும் மன்னிப்பார்களா? நில எல்லைக் குறிகளை மாற்றுவோரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாகச் சபித்துள்ளார்கள். உடன்பாட்டால் அமைந்த எல்லையிலும் வாய்மை உண்டு, வஞ்சகமும் உண்டு என்பதையே இது காட்டுகிறது. எல்லை தவறு என்று கருதுபவர் பகலில், சபையில், காரணம் சொல்லி மாற்றக் கோரலாம். ஆய்வுலகில் எண்கள் அவ்வாறே மாறியும் வந்துள்ளன.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகம் செய்யும் அன்பர் ஒருவர், கடற்கரை ஊரில் நுண்ணுயிரியல் பயிலும் தம் மகனைப் பற்றி நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். “இரண்டு வருஷமா ஒரு பூச்சிக்குப் பேரு வைக்கிறானாம் ஹஜ்ரத். இதுல தீனுக்குப் பிரயோசனமா, துன்யாவுக்குப் பிரயோசனமா?” என்றார். “உங்கள் கடையில் பெருவெட்டுக் காயையும் சிறு காயையும் ஒரே மூட்டையில் போட்டு ஒரே பெயரில் விற்பீர்களா?” என்று கேட்டோம். “அது மோசடியில்லையா!” என்றார். சல்லடை எதற்கு என்பதை அவருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயினும் அவர் கேள்வியை இந்த ஒரு பதிலால் ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. பயனற்ற கல்வியிலிருந்து பாதுகாப்புத் தேடுமாறு நாம் கற்பிக்கப்பட்டுள்ளோம். பட்டத்துக்காகவும் பதவி உயர்வுக்காகவும் புதிய இனம் புதிய இனம் என்று பெயர்களைப் பெருக்குவதும், மாதிரியை ஒப்படைத்தபின் திரும்பிப் பாராமல் அடுத்ததற்குப் போய்விடுவதும் அக்கல்வியைச் சேர்ந்தவையே. பெயர் வைத்தவன் பொறுப்பேற்கிறான். பிள்ளைக்குப் பெயர் சூட்டிய தந்தை அத்துடன் கடமை முடிந்தது என்று போய்விட முடியுமா?

அப்பொறுப்பு ஒரு தனியாளோடு நிற்பதும் இல்லை. நம் கடலிலிருந்து எடுத்த உயிரை அயல்நாட்டுச் சேமிப்பகத்திலும் வைத்தாக வேண்டும் என்பது அனைத்துலக விதி. நம் நாட்டு உயிர்வளம் பிறர் கைக்குப் போய் மருந்தாகி நமக்கே விலைக்கு வந்துவிடக் கூடாது என்பது 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின் கவலை. சண்டிகரில் 1986 முதல் இயங்கும் சேமிப்பகம் போன்றவை இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. அமானத்து என்னும் சொல்லை நாம் தலைப்பில் வைத்தது இதை எண்ணியே. ஒப்படைக்கப்பட்ட பொருளைக் கேட்டபோது திருப்பித் தருவதும், உரியவனை மறவாதிருப்பதும் அதன் இரு பக்கங்கள்.

பவளத்தில் வாழும் பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவை கூழ்த்தட்டில் வளர்வதே இல்லை. 2007இல் ஜப்பானியக் கடல் நத்தையொன்றில் கண்டு பெயரிடப்பட்ட என்டோசோய்கோமோனாஸ் என்னும் பேரினம் பின்பு உலகின் பல பவளங்களில், குறிப்பாக நலமுற்றவற்றில், மிகுந்திருப்பது தெரியவந்தது. அதன் இனங்களுள் தட்டில் வளர்ந்து முறையாகப் பெயர் பெற்றவை சிலவே. மற்றவை மரபெழுத்தால் மட்டும் அறியப்பட்டவை. இத்தகையவற்றுக்கு ‘வேட்பாளர்’ என்னும் பொருள்பட ஓர் இலத்தீன் அடைமொழியை இட்டு வைப்பது வழக்கம். 2022 முதல், மரபெழுத்து ஒன்றையே மாதிரியாக ஏற்றுப் பெயர் வழங்கும் தனி நெறிநூல் ஒன்றும் நடைமுறைக்கு வந்துள்ளது. உயிரோடு கண்டிராத, வளர்த்துப் பார்த்திராத ஒன்றுக்குப் பெயர் வழங்கலாமா என்பதில் அத்துறையார் இரு அணியாக நிற்கின்றனர். ஹதீஸ் கலையார் இத்தகையோரை ‘மஜ்ஹூல்’ என்றனர். ஆளே தெரியாதவர் ஒரு வகை; ஆள் இன்னார் என்று தெரிந்தும் குணம் தெரியாதவர் மற்றொரு வகை. இரண்டாம் வகையாரைப் பொய்யர் என்று தள்ளவும் இல்லை, மெய்யர் என்று கொள்ளவும் இல்லை. விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்தனர். மன்னார் வளைகுடாப் பவளத்தின் குடிகளுள் பெரும்பாலோர் இன்று அந்த இரண்டாம் வகையில்தான் இருக்கின்றனர். கடல் அடுத்த முறை சூடேறுவதற்குள் அவர்களுள் எத்தனை பேரை விசாரித்து முடிக்க முடியும் என்பதே அத்துறை இளைஞர்கள் முன்னுள்ள கணக்கு. போடி அன்பரின் மகன் இந்தப் பருவத்திலும் ஊருக்கு வரவில்லை என்று கேள்வி.